தொட்டியில் ஏறி உலகம் சுற்றிய பாம்பு

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். தரையில் வாழும் பாம்புகளில், உலகத்தின் மிக அதிகமான இடங்களுக்குப் பரவியிருப்பது எது?

நல்லபாம்பு என்று சொல்ல உங்களுக்கு வாய் துடிக்கும். ஆனால் நம்ம நல்லபாம்பு ஆசியாவைத் தாண்டியதில்லை. சாரை? அதுவும் ஆசியாவோடு சரி. ராஜநாகமும் அப்படித்தான்.

சரியான விடை, ஒருவேளை இந்த நிமிடம் உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிக்குள் ஊர்ந்துகொண்டிருக்கலாம். அதன் பெயர் புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ் என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர்.

அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இதற்கு நஞ்சு கிடையாது. கண் சரியாகத் தெரியாது. எதிரி வந்தால் சீறி மிரட்டப் படம் கிடையாது. முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம்தான். தடிமன், பால்பாயிண்ட் பேனாவுக்குள் இருக்கும் ரீஃபில் அளவு. இவ்வளவு ‘கிடையாது’களை வைத்துக்கொண்டு இது எப்படி உலகம் சுற்றியது? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

புழுவா, பாம்பா?

தோட்டத்தைக் கொத்தும்போது இது வெளியே வந்து விழுந்தால் பலரும் மண்புழு என்றே நினைப்பார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மண்புழுவின் உடம்பில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். தோல் ஈரமாக, வழவழவென்று இருக்கும். புழுப்பாம்பின் உடம்பில் வளையங்கள் இல்லை. அதன் தோல் உலர்ந்தது; வெளிச்சம் பட்டால் பளபளக்கும். காரணம், அதன் உடம்பு முழுக்க மிகச் சிறிய செதில்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன.

மண்புழு நகரும்போது நீண்டு, பிறகு சுருங்கும். புழுப்பாம்புக்கு முதுகெலும்பு இருக்கிறது. அதனால் அதன் நீளம் மாறாது. உடம்பை வளைத்து வளைத்துத்தான் நகரும். கையால் பிடிக்கப் போனால் துள்ளித் துள்ளி நெளியும்.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் நாக்கு. ஒரு நிமிடம் அசையாமல் கவனித்தால், முன்பக்கத்திலிருந்து இழை போன்ற ஒரு நாக்கு வெளியே வந்து வந்து போவதைப் பார்க்கலாம். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். எந்த மண்புழுவுக்கும் அப்படி நாக்கு கிடையாது.

நிறம்? பெரும்பாலும் கறுப்பு, கரும்பழுப்பு அல்லது சாம்பல். தோல் உரிக்கப் போகும் நாட்களில் மட்டும் லேசாக நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும்.

சரி, எது தலை, எது வால்? இங்கேதான் பெரியவர்களே தடுமாறுவார்கள். இரண்டு முனையும் ஒரே தடிமனில் மழுங்கலாக இருக்கும். தலைப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், அவைதான் கண்கள். வால் நுனியில் ஒரு குட்டி முள் இருக்கும். பிடித்தால் அந்த முள்ளை வைத்து விரலில் அழுத்தும். “கொட்டிவிட்டது!” என்று சிலர் அலறுவார்கள். அந்த முள்ளில் நஞ்சு எதுவும் இல்லை. அது தோலைக்கூடக் கிழிக்காது.

மண்ணுக்குள் வாழ என்ன வேண்டும்?

புழுப்பாம்பு வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. ஈரப்பதம் உள்ள, இளகிய மண் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். உதிர்ந்த இலைக் குப்பை, மட்கிப்போன மரக்கட்டை, கல்லுக்கு அடியில் இருக்கும் ஈரம், மக்கு உரக்குழி, தென்னை மட்டைக் குவியல், எறும்புப் புற்று, கறையான் புற்று, பூந்தொட்டி என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கும். காட்டில் வாழும், வயலோரத்தில் வாழும், பெரிய நகரத்தின் நடுவில் நாலு செடி வைத்த கொல்லைப்புறத்திலும் வாழும்.

வெயில் கொளுத்தி மேல்மண் காய்ந்துவிட்டால் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். கனமழை பெய்து அது ஊர்ந்து திரியும் துளைகளில் தண்ணீர் நிறைந்தால், மூச்சு விடுவதற்காக மேலே வந்துவிடும். மழை பெய்த மறுநாள் காலையில் வாசலிலும் குளியலறையிலும் இது தென்படுவதற்கு அதுதான் காரணம். உங்களைத் தேடிக்கொண்டு வரவில்லை. வெள்ளத்துக்குத் தப்பி வந்திருக்கிறது.

இப்போது அந்தக் ‘கிடையாது’ பட்டியலைத் திரும்ப எடுத்து, மண்ணுக்குள்ளே இருந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கண் தெரியாது. மண்ணுக்குள் எப்போதும் இருட்டு. அங்கே கூர்மையான கண் இருந்து என்ன பயன்? மண் துகள் குத்திப் புண்ணாவதுதான் மிச்சம். அதனால் இதன் கண்கள் தலைச் செதில்களுக்கு அடியில் பத்திரமாக ஒளிந்திருக்கின்றன. வெளிச்சமா, இருட்டா என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியும். அது போதும். வெளிச்சம் பட்டால் ‘ஐயோ, வெளியே வந்துவிட்டோம்’ என்று உடனே உள்ளே புகுந்துகொள்ளலாம்.

வாய் சிறியது. அதுவும் முகத்தின் நுனியில் இல்லாமல், கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது. தலையால் மண்ணை முட்டிக்கொண்டு போகும்போது வாய்க்குள் மண் போகாமல் இருக்க வேறு எங்கே வைப்பது?

மண்டை ஓட்டையும் பாருங்கள். நல்லபாம்பு, சாரை போன்றவற்றின் தாடை எலும்புகள் தளர்வாக இணைந்திருக்கும். அதனால்தான் அவை தங்கள் தலையைவிடப் பெரிய எலியையும் தவளையையும் விழுங்குகின்றன. புழுப்பாம்பின் மண்டை அப்படித் தளர்வாக இருந்தால் மண்ணை முட்டும்போது நொறுங்கிவிடும். எனவே அதன் மண்டை எலும்புகள் இறுக்கமாகச் சேர்ந்திருக்கின்றன.

செதில்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்ற பெரும்பாலான பாம்புகளைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றில் அகலமான செதில்கள் பட்டை பட்டையாக இருக்கும். தரையைப் பற்றி ஊர்வதற்கு அவை உதவுகின்றன. புழுப்பாம்புக்கு முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவுச் செதில்கள்தான். உடம்பைச் சுற்றி 20 வரிசைகள். மண் இதை மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் அழுத்துகிறது. எல்லாத் திசையிலும் தரைதான் என்றால், வயிற்றுக்கு மட்டும் தனிச் செதில் எதற்கு?

இது நேற்று முந்தாநாள் வந்த ஏற்பாடு இல்லை. புழுப்பாம்பும் அதன் சொந்தங்களும் சேர்ந்த குருட்டுப் பாம்புகளின் பரம்பரை 10 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்த காலத்தோடு அதன் கதை தொடங்குகிறது. இன்று உலகில் 400-க்கும் மேற்பட்ட குருட்டுப் பாம்பு இனங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நம்முடைய புழுப்பாம்பின் நெருங்கிய சொந்தங்கள் பல உண்டு.

கறையானின் தலையைக் கிள்ளும் சமையல்காரி

இவ்வளவு சிறிய வாயை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுவது? எறும்பின் முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் கறையான். மண்ணுக்குள் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

பார்வை இல்லாமல் எறும்புப் புற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கால்தான். பாம்பு நாக்கை நீட்டும்போது காற்றிலும் மண்ணிலும் இருக்கும் வாசனைத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். நாக்கை உள்ளே இழுத்ததும், மேல்வாயில் இருக்கும் ஜேகப்சன் உறுப்பு அந்த வாசனையை ஆராயும். எறும்புகள் போகும் வழியெல்லாம் ஒரு வேதிப்பொருளைத் தடவிக்கொண்டே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவை வரிசை மாறாமல் போகின்றன. எறும்புகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அந்த ரகசியக் கோட்டைக் குருட்டுப் பாம்புகளாலும் படிக்க முடியும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் குருட்டுப் பாம்புகளை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெரியவந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் நேராகக் கூட்டுக்குள் இறங்கிவிடலாம்.

உள்ளே போனதும் வேகமாகச் சாப்பிட வேண்டும். எறும்புகள் சும்மா விடுமா? வழுக்கும் செதில்கள் ஓரளவுக்குக் கடியிலிருந்து காப்பாற்றும். ஆனாலும் அங்கே உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட முடியாது. புழுப்பாம்பின் குடும்பத்தில் மேல்தாடையில் மட்டும்தான் பல் உண்டு. பல் உள்ள அந்த எலும்பு முன்னும் பின்னும் அசையக்கூடியது. அதை விறுவிறுவென்று அசைத்து இரையை உள்ளே வாரிப் போட்டுக்கொள்கிறது. பெரிய பாம்பு ஓர் எலியை விழுங்கிவிட்டுப் பல நாள் படுத்துக் கிடக்கும். புழுப்பாம்போ சின்னச் சின்ன இரையாக ஏராளமாகச் சாப்பிடும்.

ஜப்பான் ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு விநோதத்தை வெளியிட்டார்கள். புழுப்பாம்புக்குக் கறையான்களைக் கொடுத்துக் கவனித்தபோது, அது பல கறையான்களை அப்படியே விழுங்கவில்லை. கறையானின் உடம்பை வாயில் கவ்விக்கொண்டு, தலையைத் தரையில் தேய்த்து ஒடித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் தின்றது. பாம்புகள் இரையை முழுசாகத்தான் விழுங்கும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? இங்கே ஒரு பாம்பு தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சாப்பிடுகிறது! ஏன்? விழுங்கிய கறையான்களின் தலைகள் செரிக்காமல் அப்படியே எச்சத்தில் வெளியே வந்தன. செரிக்காத பாகத்தை வயிற்றில் ஏற்றுவானேன் என்று அம்மா கீரையின் தடித்த தண்டைக் கிள்ளி ஒதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். புழுப்பாம்பு செய்வதும் அதே வேலைதான்.

அப்பா இல்லாத குடும்பம்

இப்போது இந்தக் கதையின் மிகப் பெரிய ஆச்சரியத்துக்கு வருவோம். புழுப்பாம்புகள் எல்லாமே பெண்கள்!

‘ஆண் எங்கேயாவது ஒளிந்திருக்கும், தேடினால் கிடைக்கும்’ என்று நீங்கள் நினைக்கலாம். விஞ்ஞானிகளும் பல நாடுகளில் பிடித்த புழுப்பாம்புகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் பெண்களாகவே இருந்தன. ஆணே இல்லாமல் இந்த இனம் பெருகுகிறதோ என்ற கருத்து 1974-ல் எழுந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவுகளின் புழுப்பாம்புகளை ஆராய்ந்த ரொனால்ட் நுஸ்பாம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1980-ல் அதற்கு மேலும் சான்று கொடுத்தார்.

இதற்குக் கன்னி இனப்பெருக்கம் என்று பெயர். கோழி போடும் முட்டை பொரிய வேண்டும் என்றால் சேவலின் உயிரணு அதில் சேர்ந்திருக்க வேண்டும். புழுப்பாம்புக்கு அது தேவையில்லை. தாயின் முட்டையே தானாக வளர்ந்து குட்டியாகும். ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து ஏழு முட்டைகள் வரை இடும். அதிலிருந்து வரும் குட்டிகளும் பெண்கள். அவை வளர்ந்து இடும் முட்டையிலிருந்தும் பெண்கள்.

விலங்குகளில் இது முற்றிலும் புதிதல்ல. அவரைச் செடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சி இப்படிப் பெருகும். அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் சாட்டைவால் பல்லிகளில் சில இனங்களிலும் பெண்கள் மட்டுமே உண்டு. மலைப்பாம்பு போன்ற சில பாம்புகள் ஆண் துணை கிடைக்காதபோது எப்போதாவது இப்படிக் குட்டி பெறுவதும் உண்டு. ஆனால் ‘எப்போதாவது’ என்று இல்லாமல், ஆணே வேண்டாம் என்று முழு இனமும் வாழ்வது, நமக்குத் தெரிந்த பாம்புகளில் புழுப்பாம்பு மட்டும்தான்.

இதன் உயிரணுவுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு புதிர். உங்களுக்கும் எனக்கும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும்: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. புழுப்பாம்பிடம் மூன்று தொகுதிகள் இருக்கின்றன. ஒரு தொகுதிக்கு 14 வீதம் மொத்தம் 42 குரோமோசோம்கள். இது 1987-ல் தெரியவந்தது. எப்போதோ வெவ்வேறு இனக் குருட்டுப் பாம்புகள் கலந்ததால் இப்படி நேர்ந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஆளில்லாத தீவு ஒன்று. அங்கே ஒரே ஒரு பெண் சாரைப்பாம்பு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? துணையில்லாமல் வாழ்ந்து, அதோடு கதை முடிந்துவிடும் என்றுதான் பொதுவாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு புழுப்பாம்பு போய்ச் சேர்ந்தால்? அது நாலு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பிழைத்து, ஒவ்வொன்றும் நாலு முட்டை இட்டால் 16. அடுத்த தலைமுறையில் 64. பிறகு 256. ஐந்தாவது தலைமுறையில் 1,024! நிஜத்தில் எல்லாமே பிழைக்காது. பாதி வழியிலேயே பல செத்துப்போகும். ஆனாலும் ஓர் ஊரை நிரப்ப ஒருத்தி போதும் என்பது மாறாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வாங்கிப் பிறக்கும் உயிர்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். புதிதாக ஒரு நோய் வந்தால் சில சாகும், சில தாங்கும். தாயை அப்படியே உரித்து வைத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லக்கூடும். தனியாகப் பெருகும் வசதிக்குப் புழுப்பாம்பு கொடுக்கும் விலை அது.

கப்பல் ஏறிய தொட்டி

ஐரோப்பியர்களின் புத்தகத்தில் இது இடம்பிடித்தது நம் கோரமண்டல் கரையிலிருந்துதான். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் இயற்கை ஆய்வு செய்தார். நஞ்சுள்ள பாம்பு எது, இல்லாதது எது என்று மக்களுக்குத் தெரிந்தால் உயிர்கள் பிழைக்கும் என்று அவர் நினைத்தார். அவர் சேகரித்த பாம்புகளின் படங்களும் குறிப்புகளும் 1796-ல் பெரிய புத்தகமாக வந்தன. அதில் நம்ம புழுப்பாம்பும் இருந்தது. ஊர்க்காரர்கள் அதை இரண்டு தலைப் பாம்பு என்று தெலுங்கில் அழைத்ததையும் அவர் எழுதி வைத்தார்.

அதைப் படித்து 1803-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஃபிரான்சுவா தோதென் என்ற பிரெஞ்சு ஆய்வாளர். சிறுவயதில் வந்த நோயால் அவருடைய கால்கள் செயலிழந்திருந்தன. அவர் இருந்தது பிரான்சில். பாம்பு இருந்தது விசாகப்பட்டினத்தில். இரண்டையும் சேர்த்து வைத்தது ரஸ்ஸலின் புத்தகம்தான்.

இந்தப் பாம்பின் பூர்வீகம் தெற்கு ஆசியா என்று கருதப்படுகிறது. அங்கிருந்து கடல் தாண்டியது எப்படி? நீந்தியா? இல்லை. மனிதர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், தங்களுக்கே தெரியாமல்.

மனிதர்கள் ஊர் மாறும்போது செடிகளையும் கொண்டுபோவார்கள். வாழைக்கன்று, தென்னங்கன்று, பழமரக்கன்று, பூச்செடி. செடியின் வேரோடு மண்ணும் போகும். மண்ணோடு எறும்பும் கறையானும் போகும். இவற்றுக்கு நடுவில் கையளவு நீளத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தால் யார் கண்டுபிடிப்பது? அதற்கு அந்தத் தொட்டிக்குள் வீடும் உண்டு, சாப்பாடும் உண்டு. கப்பலில் எத்தனை நாள் போனாலும் கவலை இல்லை. இறங்கிய இடத்தில் துணை தேட வேண்டியதும் இல்லை. பூந்தொட்டிப் பாம்பு என்று இதற்கு உலகமெங்கும் ஒரு பெயர் ஏற்பட்டது இப்படித்தான்.

ஹவாய்த் தீவுகளின் கதை சுவாரசியமானது. பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் அந்தத் தீவுகளில் இயற்கையாகத் தரைப் பாம்புகளே கிடையாது. 1930 வாக்கில் ஹொனலூலு நகரத்தில் ஒரு பள்ளி வளாகத்தை அழகுபடுத்த பிலிப்பைன்ஸிலிருந்து செடிகள் வந்தன. வேர் மண்ணில் புழுப்பாம்பும் வந்து இறங்கியது. இன்று ஹவாயில் நிலைத்து வாழும் ஒரே தரைப் பாம்பு இதுதான்.

அங்கே பாம்பு என்றால் அரசாங்கமே நடுங்கும். யாராவது பாம்பைக் கொண்டுவந்தாலோ வளர்த்தாலோ 2 லட்சம் டாலர் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஏன் இவ்வளவு கண்டிப்பு? குவாம் என்ற இன்னொரு பசிபிக் தீவுக்கு, இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், பழுப்பு மரப்பாம்பு என்ற இனம் சரக்குகளோடு வந்துசேர்ந்தது. அது மரமேறி முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று, அந்தத் தீவுக்கே உரிய காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றை அங்கே இல்லாமல் ஆக்கிவிட்டது. புழுப்பாம்பு மரமேறிக் கூட்டைக் கலைப்பதில்லை; எறும்பும் கறையானும் கிடைத்தால் போதும். அதனால் அதை அங்கே யாரும் அப்படி அஞ்சுவதில்லை. ஆனாலும், ஒரு தொட்டி மண்ணுக்குள் என்னவெல்லாம் பயணம் செய்யலாம் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கைதான்.

தேரை வயிற்றுக்குள் ஒரு பயணம்

சின்ன உடம்பு என்பதால் எதிரிகளும் நிறைய. கோழி கொத்தும். மைனா தூக்கும். மூஞ்சூறு பிடிக்கும். கட்டுவிரியன் போன்ற பாம்புகளும் இதைத் தின்னும். எதிரி பிடித்தால் புழுப்பாம்பு நெளியும். வால் முள்ளால் அழுத்தும். நாற்றமடிக்கும் ஒரு திரவத்தை விடும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

தேரையும் இதைத் தின்னும். தேரை மெல்லாது, அப்படியே விழுங்கிவிடும். கிழக்குத் தீமோர் நாட்டில் பாம்புகளை ஆராயப் போன ஒரு குழு, கல்லுக்கு அடியில் ஒரு தேரையைப் பார்த்தது. அதன் பின்பக்கத்திலிருந்து ஏதோ நெளிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. புழுவாக இருக்கும் என்று பார்த்தால், அது உயிருள்ள புழுப்பாம்பு! தேரையின் வாய் வழியாக உள்ளே போய், இரைப்பையையும் குடலையும் கடந்து, மறுவாசல் வழியாக வந்திருக்கிறது. செரிக்கும் அமிலத்துக்கும் காற்றில்லாத குடலுக்கும் நடுவே அது எப்படித் தாக்குப்பிடித்தது என்று எல்லோரும் மலைத்துப்போனார்கள். பாவம், சில மணி நேரத்தில் அது இறந்துவிட்டது. இந்தச் செய்தி 2013-ல் ஆய்வு இதழில் வெளியானது. நெருக்கமான செதில்களும், காற்று குறைவான இடத்தில் வாழ்ந்து பழகிய உடம்பும் அதற்குக் கைகொடுத்திருக்கலாம்.

வீட்டில் பார்த்தால் என்ன செய்வது?

‘இது தூங்கும்போது காதுக்குள் புகுந்துவிடும்’ என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மண்ணைத் தேடும் உயிர். உங்கள் காதுக்குள் ஈர மண்ணும் இல்லை, எறும்பு முட்டையும் இல்லை. அதற்கு அங்கே என்ன வேலை?

கடிக்குமா? மனிதரின் தோலைக் கவ்வும் அளவுக்கு அதன் வாய் திறக்காது. நஞ்சும் கிடையாது. எனவே வெந்நீர் ஊற்றுவதோ, உப்புக் கொட்டுவதோ, செருப்பைத் தூக்குவதோ வேண்டாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சிறியதாக இருக்கும் எல்லாப் பாம்பும் புழுப்பாம்பு அல்ல. சுருட்டை விரியன் போன்ற நஞ்சுப் பாம்புகளின் குட்டிகளும் சிறியவைதான். நஞ்சுப் பாம்பின் குட்டிக்கும் பிறக்கும்போதே நஞ்சு உண்டு. கண் பளிச்சென்று தெரிந்தாலோ, கழுத்திலிருந்து தலை தனியாகப் பிரிந்து தெரிந்தாலோ, உடம்பில் பட்டையோ புள்ளியோ இருந்தாலோ அது புழுப்பாம்பு இல்லை. விலகி நின்று பெரியவர்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பாம்பையும் கையால் எடுக்கக் கூடாது என்ற விதியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

புழுப்பாம்புதான் என்று வீட்டில் ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்லிவிட்டால், ஒரு தடித்த அட்டையையோ முறத்தையோ அதற்கு முன்னால் வைத்து, துடைப்பத்தின் நுனியால் மெல்லத் தள்ளி ஏற்றச் சொல்லுங்கள். வெயிலில் விட வேண்டாம், காய்ந்து செத்துவிடும். செடியின் அடியில் ஈரமான, இளகிய மண்ணில் விட்டால் நிமிடத்துக்குள் தலையால் துளைத்துக்கொண்டு மறைந்துவிடும். வீட்டுக் கறையான்களில் கொஞ்சத்தை அது கவனித்துக்கொள்ளும்.

மழைக்காலம் வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரோடு சேர்ந்து, தொட்டி மாற்றும்போதும் இலைக் குப்பை அள்ளும்போதும் கவனியுங்கள். கண்டால் தேதி, இடம், முந்தின நாள் மழை பெய்ததா, மண் ஈரமா, பக்கத்தில் எறும்புப் புற்றோ கறையானோ இருந்ததா, நிறம் என்ன, ஏறத்தாழ எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள். படமும் வரையுங்கள். ஒரு வருஷம் எழுதினால் உங்கள் தெருவின் புழுப்பாம்புகள் எந்த மாதத்தில், எந்த மாதிரி மண்ணில் அதிகம் மேலே வருகின்றன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்படி எழுதும்போது, “இது ஆணா, பெண்ணா?” என்று யாராவது கேட்டால் மட்டும் நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.